தெருவுக்கே பகல் தந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் பிக்கப் தெருவுக்குள் நுழைவதை இப்போதெல்லாம் நாங்கள் எஞ்சின் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வதில்லை. நீங்கள் சோமேசுவரர் கோயில் பக்கமிருந்து திரும்பி, வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை எடுக்கிறவரைக்கும் எதிர்வீட்டு மாடிக் கொடியில் காயும் சேலைக்கு என்ன கரை என்பதுவரை தெரிகிறது. இரவு பத்து மணிக்குச் சேலையின் கரை தெரிகிற தெரு அல்சூரில் எங்களுடையது ஒன்றுதான். அந்தப் பெருமை உங்கள் வண்டியின் பின்பக்க எல்.இ.டி. விளக்கால் வந்தது.

முன்விளக்குக்கு எல்லோரும் செலவு செய்வார்கள். தனக்கு வழி தெரிய வேண்டும் என்ற சிறிய ஆசை அது. நீங்கள் பின்னால் வருகிறவர்களுக்காகச் செலவு செய்தீர்கள். அவர்கள் கேட்கவில்லை, கேட்காமலே கொடுத்தீர்கள். ஜே.சி. ரோட்டில் முப்பது வருஷம் வண்டி வயரிங் வேலை பார்த்தவன் நான். இப்படிக் கொடுத்தவர்களை அதிகம் கண்டதில்லை.

விளக்கைத் தேர்ந்தெடுத்த விதத்திலிருந்தே பாராட்ட வேண்டும். பிக்கப்பின் பின்பக்கத்துக்கு விளக்கு வேண்டும் என்று கேட்டால், வேலை தெரிந்த கடைக்காரர் முதலில் கைக்கு அடக்கமான 18 வாட் விளக்கு இரண்டை எடுத்துக் காட்டுவார். பின்னோக்கிப் போகிறவன் மனிதன் நடக்கிற வேகத்தில்தான் போகிறான். அவனுக்குப் பத்து மீட்டர் தெரிந்தால் போதும். ஆனால் அந்தப் பத்து மீட்டரும் அகலமாகத் தெரிய வேண்டும்: இடது சக்கரத்தின் பக்கம் இருக்கும் பள்ளம், வலது பக்கக் கல், சேற்றில் புதைந்த நண்பனின் வண்டிக்குக் கயிறு மாட்டுகிற கொக்கி. அதற்குத்தான் ஒளியை விசிறிபோல் பரப்புகிற ஃபிளட் விளக்கு. பம்பர் உயரத்தில், முகம் தரையைப் பார்க்க மாட்டினால் வேலை முடிந்தது.

உங்கள் மனசு அதற்கெல்லாம் பெரியது. 120 வாட் பார் ஒன்றை எடுத்தீர்கள். அதிலும் ஒளியை ஈட்டிபோல் நேரே அனுப்புகிற ஸ்பாட் வகையாகப் பார்த்து எடுத்தீர்கள். அதைப் பம்பரில் மாட்டாமல், கேபினுக்குப் பின்னால் இருக்கும் ரோல் பாரின் உச்சியில் ஏற்றினீர்கள். முன்னோக்கி ஓட்டுகிறவருக்கு இருநூறு மீட்டர் தூரத்து மரம் தெரிய வேண்டியிருக்கலாம். இருநூறு மீட்டரைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி ஓட்டுகிற திறமையை முப்பது வருஷத்தில் நான் யாரிடமும் கண்டதில்லை. உங்களிடம் அது இருப்பதை இந்த விளக்கு சொல்கிறது.

இந்த நகரத்துக்கு மின்விளக்கு புதிதில்லை. சிவனசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரத்தில் 1905 ஆகஸ்ட் 5ஆம் தேதி இங்கே தெருவிளக்கு எரிந்தது. அன்று தொடங்கி இத்தனை வருஷமாக இந்த ஊரின் தெருவிளக்குகள் தலையைக் குனிந்துகொண்டு, நடக்கிறவன் காலடிக்கு வெளிச்சம் போட்டே பழகிவிட்டன. உங்கள் விளக்கு குனியவில்லை. ஸ்கூட்டரில் வருகிறவன் கண்ணைக் கண்ணுக்கு நேராகப் பார்க்கிற தன்மானம் அதற்கு இருக்கிறது.

நிறத்தையும் சொல்ல வேண்டும். டப்பாவில் 6500 கெல்வின் என்று அச்சடித்திருக்கிறது. நீல ஒளி தருகிற சில்லின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி உண்டாக்குகிற வெள்ளை அது. அந்த நீல எல்.இ.டி.யை உண்டாக்கியதற்காக அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். காட்டுப் பாதையில் புழுதி எழும்போது இந்தப் பளீர் வெள்ளை தூசித் துகளில் பட்டு ஓட்டுகிறவன் கண்ணுக்கே திரும்பி வரும். முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் இருக்கும். அதனால்தான் புழுதியில் ஓட்டிப் பழகியவர்கள் ஆம்பர் நிறத்தைத் தேடுகிறார்கள். வரிசையாகப் போகும்போது பின்னால் வருகிறவனுக்கு 'இங்கே ஒரு வண்டி இருக்கிறது' என்று சொல்வதற்கு ஒரு சிவப்பு மூடுபனி விளக்கே அவர்களுக்குப் போதும். நீங்கள் வெள்ளையை எடுத்ததிலும் தவறு காண வழியில்லை. பழைய மெட்ராஸ் ரோட்டில் அவ்வளவு புழுதி கிடையாது.

உங்கள் விளக்கு ஐ.பி.68 தரம். தூசி புகாது, தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும். வாங்கி இரண்டு வருஷமாகியும் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, மாட்டிய போல்ட்டில் துருவின் பொட்டு இல்லை. ஞாயிறு காலையில் மெல்லிய துணியால் அதை நீங்கள் துடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டைமானின் படைக்கலக் கொட்டில் நினைவுக்கு வரும். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, காவலுக்குள் வைத்த வேல்களை ஔவையார் மெச்சினாரே, அந்தக் கொட்டில். அதியமானின் வேல்கள் அப்போது போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. சக்லேஷ்பூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து ஜீப்புகளின் பின்னால் மாட்டிய விளக்குகளை நான் பழுது பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் விரிசலும் விளிம்பில் காய்ந்த சேறும், வயரில் எலி கடித்த தடமும் இருக்கும். அவை இரவில் மரம் விழுந்த பாதையிலிருந்து வண்டியை வெளியே எடுத்த விளக்குகள். உங்கள் விளக்கின் அழகு அவற்றுக்கு வராது.

இனி வயரிங். இங்கேதான் தொழில்காரன் மனசு நெகிழ்ந்துபோகிறது.

ஒரு விளக்கு எப்போது எரியும் என்பதைத் தீர்மானிப்பது அதற்கு எங்கிருந்து சிக்னல் எடுக்கிறோம் என்பதுதான். பின்பக்க விளக்குக்கு எங்கள் பட்டறையில் ஒரே முறைதான் இருந்தது. பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்று கிளம்பும். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயின் 30ஆம் காலுக்கு. 87ஆம் காலிலிருந்து விளக்குக்கு. 85 எர்த். 86ஆம் காலுக்கு ரிவர்ஸ் லைட்டிலிருந்து ஒரு மெல்லிய சிக்னல் வயர். கியரை ரிவர்ஸில் போட்டால் ரிலே 'டிக்' என்று ஒட்டும், விளக்கு எரியும். கியரை மாற்றினால் அணையும். ரிலேயின் காயிலுக்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம் என்பதால் வண்டியின் சொந்த வயரிங்குக்குச் சுமை ஏறாது. இரவில் கூடாரம் அடிக்கவும் சக்கரம் மாற்றவும் தனியாக ஒரு ஸ்விட்ச் வேண்டுமென்றால் அதையும் வைக்கலாம். ஆனால் அந்த ஸ்விட்சில் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பின்னால் எரிவதை ஓட்டுகிறவன் தன் கண்ணால் பார்க்க முடியாது. அவனுக்கு அதை நினைவூட்டுவது அந்தச் சிவப்புப் பொட்டு ஒன்றுதான்.

உங்கள் வண்டியை வயரிங் செய்த பையன் இத்தனை சுற்றுவழி போகவில்லை. பின்பக்கப் பார்க்கிங் லைட்டின் வயரைத் தேடிப் பிடித்து, தோலைச் சீவி, விளக்கின் வயரை அதில் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டான். பத்து நிமிஷ வேலை. அதன் பலனாக நீங்கள் முன்விளக்கைப் போட்ட கணமே பின்விளக்கும் எரிகிறது. ரிவர்ஸ் போட வேண்டாம், ஸ்விட்ச் தேட வேண்டாம். சூரியன் மறைந்ததிலிருந்து நீங்கள் வீடு திரும்பும்வரை ஓயாமல் உழைக்கிறது. சம்பளம் கேட்காத இப்படியொரு வேலைக்காரன் யாருக்குக் கிடைப்பான்?

அந்த வயரின் பொறுமையையும் நான் போற்றுகிறேன். உங்கள் மாடலில் பின்னால் இருப்பது 5 வாட் பார்க்கிங் பல்புகள். அவற்றுக்காகப் போட்ட மெல்லிய வயர் அது; முக்கால் சதுர மில்லிமீட்டர் இருக்கும். 120 வாட்டை 12 வோல்டால் வகுத்தால் 10 ஆம்பியர். ஐந்து மீட்டர் நீள மெல்லிய வயரில் 10 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துபோகும். கரைந்தது எங்கும் போகாது. 11 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பமாக அந்த வயருக்குள்ளேயே உட்காரும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால் இழப்பு அரை வோல்டைக்கூடத் தொடாது. உங்கள் வயர் இரண்டு வருஷமாகச் சூட்டைச் சுமக்கிறது, ஒரு முனகல் இல்லை. 10 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு தடவை உயிரை விட்டுப் பார்த்தது. பையன் 30 ஆம்பியர் போட்டு அதன் வாயையும் அடைத்துவிட்டான். ஃபியூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற அல்ல, தம்பி, வயரைக் காப்பாற்ற. வயர் பற்றிக்கொண்டால் அது போகிற வழியில் டீசல் டேங்க் இருக்கிறது. அந்த வண்டியில் உங்கள் மகளும் பள்ளிக்கூடம் போகிறாள்.

சட்டத்தைப் பற்றியும் உங்களுக்கு ஒரு தைரியம் உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108ஆம் விதி, வண்டியின் பின்னால் சிவப்பைத் தவிர வேறு நிற ஒளி தெரியக் கூடாது என்கிறது. சில விலக்குகளையும் அதுவே தருகிறது. நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் போடுகிற வெள்ளை விளக்கு. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் எரிகிற வெள்ளை விளக்கு. ஆம்புலன்ஸ் போன்றவை. இவற்றோடு உழவு டிராக்டரின் பின்விளக்கு ஒன்று. இந்தக் கடைசி விலக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பிடித்துப்போகும். டிராக்டர் ஓட்டுகிறவன் இரவில் உழும்போது பின்னால் திரும்பிக் கலப்பையின் கொழு மண்ணில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பின்னால் வெள்ளை விளக்கு நியாயமாகத் தேவைப்படுகிற மனிதன் அவன். சட்டம் எழுதியவர்கள் அவனை மறக்கவில்லை. நீங்கள் எந்த விலக்கிலும் வரவில்லை. உழுவதற்கு உங்களுக்கு நிலம் இல்லை, ஏற்றிச் செல்ல நோயாளி இல்லை. ஆனாலும் விளக்கு எரிகிறது. 2024 ஜூலையில் கர்நாடகக் காவல்துறை கண் கூசவைக்கும் விளக்குகளைப் பிடித்து வழக்குப் போடக் கிளம்பியபோது, அவர்கள் எதிரே வரும் வண்டிகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் விளக்கு அவர்களைத் தாண்டிப் போன பிறகுதான் தெரியும். அப்போது நம்பரும் படிக்க முடியாது. நம்பர் பிளேட்டைப் பதினைந்து மீட்டரிலிருந்து படிக்க முடிய வேண்டும் என்று விதி கேட்கிறது. அதற்குச் சற்று மேலே 120 வாட் எரிந்தால் எந்தக் கண்ணும் எழுத்தைத் தேடாது.

கடைசியாக ஒன்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. தமிழ்ச் சங்கத்தில் ஒரு கூட்டம் முடிந்து நானும் என் மனைவியும் ஸ்கூட்டரில் ஏரிக்கரை ஓரமாக வந்துகொண்டிருந்தோம். முன்னால் உங்கள் வண்டி. நான் உங்களை வண்டியால் அறியவில்லை, ஒளியால் அறிந்தேன். அந்த ஒளியில் ரோடு முழுக்க வெள்ளையாக இருந்தது. ஆனால் ரோடு தெரியவில்லை. ரோட்டின் நடுக்கோடு தெரியவில்லை. உங்கள் வண்டியின் அகலம் எவ்வளவு, இடது பக்கம் எங்கே முடிகிறது என்பதும் தெரியவில்லை. சிக்னலில் நீங்கள் பிரேக் அடித்தீர்கள். அடித்ததாக அப்புறம்தான் ஊகித்தேன். பிரேக் பல்பு ஒன்று 21 வாட், 460 லூமன் ஒளி. உங்கள் பார் டப்பாவில் 12,000 லூமன் என்று போட்டிருக்கிறது. டப்பா சொல்வதில் பாதிதான் உண்மை என்று வைத்தாலும், பதின்மூன்று பேர் கூவுகிற இடத்தில் ஒருவன் மெதுவாக 'நில்' என்று சொன்ன கதைதான். எனக்குக் கேட்கவில்லை. மணிக்கு முப்பது கிலோமீட்டரில் ஸ்கூட்டர் ஒரு நொடிக்கு எட்டு மீட்டர் போகும். கூசிய கண் தெளிய சில நொடிகள் வேண்டும். என் வயதில் இன்னும் கூடுதலாக வேண்டும். ஸ்கூட்டரின் முன் மட்கார்டு உங்கள் பம்பரில் முட்டியது. என் மனைவி பின்சீட்டிலிருந்து சரிந்து கையை ஊன்றினாள். மணிக்கட்டு வீங்கியது. மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தோம்.

உங்களுக்குத் தெரியாது. பச்சை விழுந்தது, போய்விட்டீர்கள். நீங்கள் கெட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். போன மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது உங்கள் பிக்கப்தான் முதியவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அதனால்தான் போலீசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாங்கள் விழுந்து எழுந்த இடம் திருவள்ளுவர் சிலை இருக்கிற பக்கம். பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்த சிலை அது. அந்தப் பதினெட்டு வருஷமும் அந்த வழியாக வேலைக்குப் போய் வந்தவன் நான். திறக்க வேண்டியது மூடியிருப்பது எப்படியிருக்கும் என்று அல்சூருக்குத் தெரியும். மூட வேண்டியது திறந்திருப்பதை உங்கள் வண்டியில் பார்க்கிறேன். விளக்கு வந்த டப்பாவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி இருந்திருக்கும். ரோட்டில் ஓடும்போது விளக்கின்மேல் மாட்டிவைக்கத்தான் அதைத் தருகிறார்கள். தேடிப் பாருங்கள், வீட்டில் எங்காவது கிடக்கும்.

நீங்கள் ஒருநாள் பந்திப்பூர்ப் பக்கம் போகப்போவதாக உங்கள் அப்பா சொன்னார். அந்தக் காட்டு நெடுஞ்சாலையில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை வண்டிகளுக்குத் தடை. 2009 முதல் இருக்கிறது. இரவில் வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகளுக்காகப் போட்ட தடை அது. விளக்கைப் பார்த்து உறைந்து நிற்கிற மானுக்கு ஒதுங்கிப் போகத் தெரியாது. காடு தன் இருட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டது. எங்கள் தெருவுக்கு அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை.

ஞாயிறு காலை, துடைத்து முடித்ததும் வண்டியை என் வாசலுக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பாரை இறக்கிவிடலாம். காட்டுக்குப் போகிற நாளில் கழற்றி மாட்டிக்கொள்ள ஒரு கிளாம்ப் செய்து தருகிறேன். பம்பரில் 18 வாட் ஃபிளட் இரண்டு, முகம் தரையைப் பார்க்க. இரண்டுக்கும் சேர்த்து 3 ஆம்பியர்தான் இழுக்கும். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ரிலே என்னிடம் இருக்கிறது. சேஸில் பெயிண்டைச் சுரண்டிச் சுத்தமான இரும்பில் எர்த் கொடுத்து, வயருக்கு உறை போட்டு, சைலன்சர் பக்கம் போகாமல் இழுத்துத் தருகிறேன். பார்க்கிங் லைட்டில் முறுக்கியிருக்கும் அந்த ஒரு வயரைப் பிரித்து, ரிலேக்கான சிக்னலை ரிவர்ஸ் லைட்டிலிருந்து எடுக்க வேண்டும். கூலி வேண்டாம். வேலை முடிய மதியம் ஆகும். சாப்பாடு எங்கள் வீட்டில். என் மனைவிக்கு இப்போது கை சரியாகிவிட்டது.